எட்டு டிக்கெட் ரெண்டு டிக்கெட் ஆச்சு

சனிக்கிழமை இங்க பெங்களூர்ல எட்டு பேரா பாக்க வேண்டிய ஒரு சின்ன தமிழ்ப் படம், ஆறு பேர் வரலன்னுட்டீங்க, கடைசில ஷோவே கேன்சல் ஆச்சு. இது குரூப்ல இருக்கறவங்க எல்லாருக்கும் தெரியும், ஸ்டோரியிலயும் போட்டிருந்தேன், முழுசா திரும்ப சொல்லப் போறதில்ல. நாலு நாளா எழுதலாமா வேண்டாமான்னு இருந்தேன். இன்னைக்கு காலைல நம்ம குரூப் அண்ணா மறுபடியும் "உன் காசு மிச்சமாச்சு, நீ எனக்கு தேங்க்ஸ் சொல்லணும்"னு போட்டு, அதுக்கு கீழ பதினோரு பேர் சிரிப்பு எமோஜி போட்டிருக்கீங்க. அதுல மூணு பேர் புதன்கிழமை "கண்டிப்பா வர்றோம், டிக்கெட் போட்டுடு"ன்னு சொன்னவங்க. அத பாத்த பிறகு சும்மா இருக்க முடியல.

எனக்கு சிரிப்பு வரல.

வெள்ளிக்கிழமை காலை ஷோ முடிஞ்சு பன்னெண்டரைக்கு ஒரு யூடியூப் ரிவ்யூ லிங்க் வருது. "வேஸ்ட், ஓடிடில பாத்துக்கலாம்"னு அண்ணா ஒரே ஒரு வரி. ஒன்னரை மணிக்குள்ள ஆறு பேர் கழண்டுட்டீங்க. அந்த வீடியோவ யாரும் கடைசி வரைக்கும் பாக்கலைன்னு எனக்கு தெரியும், ஏன்னா அந்த ஆளே கடைசில ரெண்டாவது பாதி நல்லா இருக்குன்னு தான் சொல்றார். எட்டு டிக்கெட் போட வேண்டிய எடத்துல நானும் வீட்டுக்காரரும் மட்டும் ரெண்டு டிக்கெட் போட்டோம். ராத்திரி 10.20 ஷோ, ஒயிட்ஃபீல்டுல, எங்களால போக முடிஞ்ச தூரத்துல அந்த ஒரு ஷோ தான். ஹலசூருல மெட்ரோ ஏறி ஹூடி தாண்டும்போது மெசேஜ் வருது, ஷோ கேன்சல், பணம் ஒரு வாரத்துல திரும்பி வரும்னு. ஆப்ப திறந்து பாத்தா அந்த ஹால்லயே மொத்தம் நாலு சீட் தான் புக் ஆகியிருந்துச்சு, அதுல ரெண்டு எங்களோடது. பத்து சீட் இருந்திருந்தா படத்த ஓட்டியிருப்பாங்கன்னு நான் நம்பறேன்.

நான் சொல்றது ஒண்ணே ஒண்ணு தான். முதல்ல யாராச்சும் போய் உக்காந்து பாத்தா தான் அந்தப் படம் நல்லா இருக்கா இல்லையான்னு சொல்றதுக்கே ஆள் இருக்கும். எல்லாரும் "நல்லா இருக்குன்னு வரட்டும், அப்புறம் போறேன்"னு உக்காந்தா யார் வந்து சொல்லுவா? ஊர் கூடித் தேர் இழுக்கணும்னு சொல்வாங்க, தேர் நகந்த பிறகு வடம் பிடிக்கறேன்னு எல்லாரும் கைய கட்டிட்டு நின்னா அது நிலைய விட்டே கெளம்பாது.

சென்னைல இருக்கறவங்களுக்கு இது அவ்வளவா புரியாது. அங்க ஒரு சின்ன படம் வெள்ளி, சனி, ஞாயிறு தாண்டி கொஞ்சம் மூச்சு விடும். பெங்களூர்ல கன்னடம், தெலுங்கு, இந்தி, மலையாளம், இங்கிலீஷ், தமிழ்னு ஆறு மொழி அதே ஸ்கிரீனுக்கு அடிச்சிக்குது. பெரிய ஹீரோ இல்லாத தமிழ்ப் படத்துக்கு மிஞ்சறது ஒரு காலை ஷோ இல்லன்னா ஒரு நடுராத்திரி ஷோ, அதுவும் மூணு நாளைக்கு. கூட்டம் இல்லன்னா திங்கக்கிழமை இருக்காது. நீங்க ரிவ்யூ பாத்து, ரேட்டிங் பாத்து, ஆபீஸ்ல நாலு பேர கேட்டு முடிவெடுக்கறதுக்குள்ள அந்தப் படம் ஊர விட்டே போயிடுது.

"ஓடிடில வரும்ல"ன்னு தானே சொல்றீங்க. இப்பல்லாம் சின்ன படத்த முன்னாடியே காசு கொடுத்து யாரும் வாங்கறதில்ல, தியேட்டர்ல எப்படி போச்சுன்னு பாத்துட்டு தான் விலையே பேசறாங்கன்னு எத்தனை தயாரிப்பாளர்கள் பேட்டில சொல்லியாச்சு. நீங்க தியேட்டருக்கு போகாததால அது ஓடிடிக்கும் வராம போகலாம், அப்ப எங்க பாப்பீங்க?

விலை பத்தி சொல்றவங்க கிட்ட மட்டும் நான் சண்டைக்கு வரல, நெஜமாவே வரல. நாலு பேர் குடும்பத்துக்கு ஒரு மால்ல சனிக்கிழமை டிக்கெட், கொழந்தைக்கு ஒரு பாப்கார்ன், போக வர ஆட்டோன்னு கணக்கு போட்டா ரெண்டாயிரத்துக்கு பக்கத்துல வந்துடுது, மாச கடைசில அது எந்த வீட்டுக்கும் பெரிய காசு தான். 2025 செப்டம்பர்ல கர்நாடக அரசு வரி போக 200 ரூபாய்க்கு மேல டிக்கெட் விக்கக்கூடாதுன்னு ஆணை போட்டப்ப நான் எவ்வளவு சந்தோஷப்பட்டேன்னு இங்கயே எழுதியிருக்கேன், ரெண்டு வாரம் கூட ஆகல, ஹைகோர்ட்ல இடைக்காலத் தடை வாங்கிட்டாங்க. அதனால காசு இல்ல, இந்த மாசம் வரலன்னு சொல்லுங்க, நான் ஒரு வார்த்தை கேக்க மாட்டேன். என் கூட வேலை பாக்கற பொண்ணு அப்படித்தான் சொல்லும், எனக்கு அதுல ஒரு வருத்தமும் இல்ல.

ஆனா அண்ணா, நீங்க காசு பத்தி பேசாதீங்க. தமிழ்நாட்டுல முதல் ஷோ ஒம்போது மணிக்கு தான்னு ஆன பிறகு, பெரிய ஸ்டார் படம்னா இங்க ஆறு மணி, ஆறரை மணி ஷோவுக்கு ஓசூர்லேர்ந்து பசங்க விடியக்காலைல பஸ் ஏறி வர்றாங்க, டிக்கெட் ஆயிரத்த தாண்டி போகுது, நீங்களும் அந்த லைன்ல நின்னு போட்டோ போட்டீங்க. அதுக்கு எந்த ரிவ்யூவ பாத்தீங்க? யார் கிட்ட கேட்டீங்க? ஒரு ஹீரோவுக்கு கண்ண மூடிட்டு ஆயிரம் ரூபா தர முடியுது, ஒரு புது டைரக்டருக்கு 250 ரூபா தர்றதுக்கு மட்டும் ஆயிரம் ஆராய்ச்சி. ஸ்டார் படம் பாக்கக்கூடாதுன்னு நான் சொல்லல, நானும் தான் போறேன், விசில் அடிக்கறேன். அந்த நம்பிக்கைல கால் பங்கு மத்தவங்களுக்கும் குடுங்கன்னு தான் சொல்றேன்.

உடனே "அப்ப ரிவ்யூவே கூடாதுங்கறியா"ன்னு ஒருத்தர் வருவார், வந்துட்டார் கூட. கூடாதுன்னு சொல்லல. 2024 நவம்பர்ல ஒரு பெரிய படத்துக்கு அடி விழுந்த பிறகு யூடியூப் காரங்கள தியேட்டர் வாசல்ல விடாதீங்கன்னு தயாரிப்பாளர்கள் கேட்டாங்க, முதல் மூணு நாள் ரிவ்யூவுக்கு தடை கேட்டு மெட்ராஸ் ஹைகோர்ட்டுக்கும் போனாங்க, கோர்ட் தடை குடுக்கல, அது சரி தான். காசு குடுத்து பாத்தவனுக்கு கருத்து சொல்ல உரிமை இருக்கு. பாக்காதவனுக்கு என்ன இருக்கு? நான் கோவப்படறது ரிவ்யூ பண்ணவர் மேல இல்ல, அவர் உக்காந்து பாத்தார். பாக்காமலே "வேஸ்ட்"னு பட்டம் கட்டினவங்க மேல தான்.

நான் எப்படி தேர்ந்தெடுக்கறேன்னு சில பேர் கேட்டீங்க. டீசர் பாப்பேன், ட்ரெய்லர் பாக்க மாட்டேன், அதுல பாதி கதை போயிடுது. டைரக்டரோட முந்தின படம், கேமரா யாரு, எடிட்டிங் யாருன்னு பாப்பேன். பையனும் வர்றான்னா சென்சார் சர்டிஃபிகேட் பாப்பேன், இப்ப யு/ஏலயே 7+, 13+, 16+னு வயசு பிரிச்சு போடறாங்க, ரொம்ப உதவியா இருக்கு. அவ்வளவு தான். ஏமாந்ததே இல்லையான்னா நிறைய தடவை ஏமாந்திருக்கேன், பாதில தூங்கியும் இருக்கேன். ஆனா 2025 மே 1ஆம் தேதி சூர்யா படமும் நானி படமும் எல்லா ஸ்கிரீனையும் எடுத்துக்கிட்ட அன்னைக்கே ஒரு புதுப் பையன் எடுத்த 'டூரிஸ்ட் ஃபேமிலி'யும் வந்துச்சு, ரெண்டாவது நாளே போய் பாத்து இதே குரூப்ல எழுதினேன். அடுத்த வாரம் நீங்க எல்லாரும் போனீங்க, அழுதேன்னு எழுதினீங்க. 'சேது' 1999 டிசம்பர்ல வந்தப்ப வாங்க ஆள் இல்லாம ஒரே ஒரு தியேட்டர்ல பகல் காட்சி மட்டும் ஓடினது ஊரறிஞ்ச கதை. அது நூறு நாள் தாண்டினதுக்கு காரணம் அந்த மத்தியான வெயில்ல யாரையும் கேக்காம போய் உக்காந்த கொஞ்ச பேர் தான்.

இதுக்கு ஏன் இவ்வளவு எமோஷனல் ஆகறன்னு வீட்டுலயே கேக்கறாங்க. சொல்றேன்.

1991 டிசம்பர்ல பெங்களூர்ல தமிழங்களுக்கு எதிரா காவேரி கலவரம் நடந்தப்ப எனக்கு ஒம்போது வயசு. ரெண்டு ராத்திரி எங்கள தன் வீட்டுக்குள்ள வெச்சு பூட்டிக்கிட்டு வாசல்ல உக்காந்திருந்தது எதிர் வீட்டு கன்னடக்கார அஜ்ஜி, அதாவது பாட்டி தான், அதனால நான் யாரையும் குத்தம் சொல்ல வரல. ஆனா அதுக்கப்புறம் எங்கப்பா பஸ்ல தமிழ் பேசறத விட்டுட்டார். வீட்டுலயும் ரேடியோ சத்தம் கம்மி. தியேட்டர்ல தமிழ்ப் படம் இல்ல. அது வரைக்கும் வெள்ளிக்கிழமை ஃபேக்டரி விட்டு வரும்போதே போஸ்டர் எல்லாம் பாத்துட்டு வந்து, இது வேண்டாம், அது பாக்கலாம்னு அம்மாவோட அரை மணி நேரம் வாதாடற மனுஷன் அவர். கொஞ்ச நாள் கழிச்சு ஒரு சாயங்காலம் சீக்கிரமா வந்தார், யூனிஃபார்ம் கூட மாத்தல. "லாவண்யா தியேட்டர்ல தமிழ்ப் படம் போட்டிருக்கான், கெளம்புங்க"ன்னார். என்ன படம்னு அம்மா கேட்டாங்க. "தெரியல, போய் பாத்துக்கலாம்"னு செருப்ப மாட்டிட்டார். படம் என்னன்னு எனக்கு இன்னைக்கும் ஞாபகம் இல்ல. இடைவேளைல அவர் யாரோ முன்ன பின்ன தெரியாத ஒருத்தர் கிட்ட சத்தமா தமிழ் பேசிட்டு நின்னது மட்டும் ஞாபகம் இருக்கு.

பெங்களூர்ல கபாலி தியேட்டர் போச்சு, பிளாசா போச்சு, 2018 கடைசி நாளோட ரெக்ஸ் போச்சு. ஒவ்வொண்ணும் மூடும்போது இதே குரூப்ல எல்லாரும் பழைய போட்டோ போட்டு "நாஸ்டால்ஜியா"ன்னு எழுதறீங்க. அண்ணா, நான் உங்கள மரியாதை இல்லாம பேசல, அப்பா போனப்ப முதல் ஆளா வந்து நின்னது நீங்க தான், அத நான் மறக்கல. அதனால தான் இவ்வளவு வலிக்குது. உங்களுக்கு அது ஒரு வரி மெசேஜ். அந்த மெட்ரோல ஹூடிலேர்ந்து திரும்பி ஹலசூரு வரைக்கும் நானும் இவரும் ஒரு வார்த்தை பேசிக்கல.

வர்ற வெள்ளிக்கிழமை இன்னொரு சின்ன படம் வருது. வியாழக்கிழமை ராத்திரிக்குள்ள புக் பண்ணிடுவேன். வர்றவங்க அதுக்குள்ள சொல்லுங்க, வராதவங்க லிங்க் அனுப்பாதீங்க. இந்த தடவை அம்மாவையும் கூட்டிட்டு போறேன், அப்பா போன பிறகு அவங்க தியேட்டர் வாசலே மிதிக்கல. இப்ப தான் போன் பண்ணி சொன்னேன். என்ன படம்னு கேக்கல. ஏசி ஜாஸ்தியா இருக்குமா, சால்வை எடுத்துக்கவான்னு கேட்டாங்க.