‘கட்டணம் இல்லை’ என்கிறவரிடம் ரேட் என்ன என்று கேளுங்கள்

வெளிநாட்டில் வருஷக்கணக்கில் சேர்த்த பணத்தை மொத்தமாக ஊர்க் கணக்குக்கு அனுப்பப் போகிறவர் யாராக இருந்தாலும் முதலில் கேட்பது ‘சார்ஜ் எவ்வளவு?’ என்பதைத்தான். என்னைக் கேட்டால் அது கடைசியாகக் கேட்டால் போதும். முதலில் கேட்க வேண்டியது: இங்கே என் கணக்கிலிருந்து இவ்வளவு எடுத்தால், அங்கே என் கணக்கில் எவ்வளவு விழும்? இதற்கு ஒரே எண்ணாகப் பதில் சொல்லத் தயங்குகிறவர்களிடம் நான் பணம் கொடுப்பதில்லை.

காரணம் எளிது. இணையத்தில் தேடினால் வருகிற நாணய மாற்று ரேட், நாணயத்தை வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் நடுவில் உள்ளது. வங்கியோ பணம் மாற்றும் எக்ஸ்சேஞ்சோ அந்த ரேட்டை நமக்கு அப்படியே தருவது அபூர்வம். கொஞ்சம் குறைத்துத் தருவார்கள், அந்தக் குறைவுதான் அவர்கள் லாபம். அது ரசீதில் தனி வரியாக வராது. 50,000 டாலர் அனுப்பும்போது 20 டாலர் கட்டணம் என்றால் முகம் சுளிக்கிறோம். ரேட்டில் 2 சதவீதம் குறைத்தால் 1,000 டாலர் போகிறது, அதை யாரும் கவனிப்பதில்லை. ‘கட்டணமே இல்லை’ என்று பெரிய எழுத்தில் விளம்பரம் போடுகிறவர்கள் சும்மா வேலை பார்க்கவில்லை.

உலக வங்கி 200 டாலர் அனுப்புவதை அளவுகோலாக வைத்து, கட்டணத்தையும் ரேட்டில் பிடிப்பதையும் சேர்த்துத்தான் செலவைக் கணக்கிடுகிறது. 2009-இல் பெரிய நாடுகள் கூடி, அப்போது 10 சதவீத அளவில் இருந்ததை ஐந்தே வருஷத்தில் 5 சதவீதமாக்குவோம் என்றன. அப்புறம் ஐ.நா. 2030-க்குள் 3 சதவீதத்துக்கும் கீழே என்று இலக்கு வைத்தது. உலக சராசரி இன்னும் 6 சதவீதத்தைத் தாண்டித்தான் நிற்கிறது, அதிலும் அதிகமாக வாங்குவது வங்கிகள்தான். பெரிய தொகைக்கு இந்தச் சதவீதம் குறையும், உண்மைதான். ஆனால் தானாகக் குறையாது, பேச வேண்டும். சேமிப்பு முழுவதையும் அனுப்புகிறவர் கவுன்ட்டரில் ஒட்டியிருக்கிற ரேட்டை வாங்கிக்கொண்டு வரக் கூடாது. ‘தொகை பெரிது, ஸ்பெஷல் ரேட் உண்டா?’ என்று கேட்டால் உள்ளே ஒரு போன் போட்டுக் கேட்டுச் சொல்கிற வங்கிகள் நிறைய உண்டு. இதைக் கேட்க நம்மவர்களுக்கு ஏன் கூச்சம் என்று எனக்குப் புரிந்ததே இல்லை. கறிகாய் வாங்கும்போது வராத கூச்சம்!

எந்த நாணயத்தில் அனுப்புகிறோம் என்பதையும் பலர் படிவத்தில் யோசிக்காமல் டிக் அடித்துவிடுகிறார்கள். இங்கேயே ஊர்ப் பணமாக மாற்றி அனுப்பினால் ரேட் அனுப்பும்போதே தெரியும். டாலராக அனுப்பினால் மாற்றுவது ஊர் வங்கி, அதன் ரேட் பணம் போய்ச் சேர்கிற நாளில்தான் தெரியும். சில சமயம் ஊர் வங்கியே நல்ல ரேட் தரும், முன்கூட்டியே கேட்டு வைத்தால் நல்லது. மோசமானது, சம்பள நாணயம் டாலராகி, டாலர் மறுபடி ஊர்ப் பணமாகி, இரண்டு இடத்தில் வெட்டு விழுவது.

ஸ்விஃப்ட், அதாவது நாடு விட்டு நாடு பணம் அனுப்ப வங்கிகள் தகவல் பரிமாறும் வலைப்பின்னல், வழியாகப் போகிற பணத்துக்கு இன்னொரு வெட்டும் உண்டு. நம் வங்கிக்கும் ஊர் வங்கிக்கும் நேரடிக் கணக்கு இல்லையென்றால் நடுவில் ஒன்றிரண்டு வங்கிகள் வரும், அவையும் கை வைக்கும். படிவத்தில் OUR, SHA, BEN என்று மூன்று கட்டம் இருக்கும். முதலாவதில் எல்லாச் செலவும் அனுப்புகிறவர் தலையில், கடைசியில் எல்லாம் பெறுகிறவர் தலையில். நடுவில் உள்ளதில் செலவைப் பங்கு போடுவார்கள், நடு வங்கிகள் எடுப்பது பெரும்பாலும் தொகையிலிருந்தே கழியும். பெரிய தொகைக்கு முதலாவதே நிம்மதி. பணம் வழியில் நின்றுவிட்டால் ‘பார்க்கிறோம் சார்’ என்கிற பதிலோடு திரும்பாமல், பரிமாற்றத்தின் தடம் காட்டும் 36 எழுத்து எண்ணைக் கேட்டு வாங்குங்கள். யுஇடிஆர் என்பார்கள். அதை வைத்துப் பணம் எந்த வங்கியில் நிற்கிறது என்று அவர்களால் பெரும்பாலும் பார்க்க முடியும்.

ரேட் இன்னும் ஏறட்டும் என்று மாதக்கணக்கில் காத்திருக்கிறவர்களைப் பற்றி எனக்குப் பெரிய மரியாதை இல்லை. நாணயச் சந்தையில் நாளைக்கு என்ன நடக்கும் என்று அதிலேயே குடியிருக்கிறவர்களுக்கே தெரியாது. மனசு கேட்கவில்லையென்றால் இரண்டு மூன்று தவணையாக அனுப்பலாம், சரி. ஆனால் அரசுக்குத் தகவல் போகிற வரம்புக்குக் கீழே இருக்க வேண்டும் என்பதற்காகத் துண்டு துண்டாக அனுப்பாதீர்கள். பல நாடுகளில் அதுவே குற்றம், நேர்மையாகச் சம்பாதித்த பணமும் சந்தேகத்துக்குள் போய்விடும்.

உண்டியல், ஹவாலா என்று யாராவது கூடுதல் ரேட் சொல்வார்கள். இங்கே ஒருவர் வாங்கிக்கொள்வார், அங்கே வேறொருவர் வீட்டில் கொடுப்பார், பணம் எல்லையைத் தாண்டுவதே இல்லை. சீக்கிரம் போகும், மலிவு, அதனால்தான் மக்கள் போகிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் அதைச் சட்டம் தடுத்திருக்கிற நாடுகளில் சிக்கல், அதைவிட நாளைக்கு வீடு வாங்கும்போது ‘இந்தப் பணம் எங்கிருந்து வந்தது?’ என்று கேட்டால் காட்ட ஒரு தாள் இருக்காது. ஆயுள் சேமிப்பை ஒரு வாய்ச் சொல்லில் விடுவதா?

அந்தத் தாள் வங்கி வழியில் அனுப்பினாலும் தேவை. சம்பளச் சீட்டு, சம்பளக் கணக்கின் அறிக்கை, வேலை ஒப்பந்தம், பணிக்கொடை கணக்கு எல்லாவற்றையும் பிடிஎஃப்-ஆக இறக்கி வையுங்கள். வேலையை விட்ட பிறகு அலுவலகத்தில் கேட்டு வாங்குவது பெரும்பாடு. பணம் போகிற கணக்கு உங்கள் பெயரில் இருக்கட்டும். அண்ணன் கணக்கு, மாமா கணக்கு என்று அனுப்பிவிட்டு, திரும்பக் கேட்கும்போது உறவே கசந்துபோன வீடுகள் எத்தனை! வெளிநாட்டில் இருப்பவருக்கு ஊர் வங்கியில் தனி வகைக் கணக்கு வேண்டும் என்று சில நாடுகளில் விதி உண்டு, அதை அனுப்புவதற்கு முன்பே கேட்டுவிட வேண்டும்.

அப்புறம் சிம் கார்டு. ஊருக்குத் திரும்பும் அவசரத்தில் விசாவையும் சிம்மையும் ரத்து செய்துவிட்டு விமானம் ஏறுகிறார்கள். வங்கி ஓடிபி அந்த எண்ணுக்குத்தான் வரும். எண் இல்லையென்றால் செயலிக்குள் நுழைய முடியாது, கணக்கில் பணம் இருந்தும் கை வைக்க முடியாது. விசா ரத்தானதும் கணக்கை முடக்குகிற வங்கிகளும் உண்டு. ஆகவே இவை ரத்தாகும் முன்பே, முதலில் சிறிய தொகை ஒன்றை அனுப்பி, பெயரும் கணக்கு எண்ணும் சரியாக இருந்து முழுசாக விழுந்ததா என்று பாருங்கள். பாஸ்போர்ட்டில் ஒரு மாதிரி, ஊர்க் கணக்கில் வேறு மாதிரி பெயர் இருந்தால் அங்கேயே மாட்டும், சிறிய தொகையில் மாட்டினால் பரவாயில்லை. பிறகு மீதியை அனுப்புங்கள். கடைசிச் சம்பளமும் பணிக்கொடையும் பெரும்பாலும் நாம் கிளம்புகிற நேரத்தில்தான் வரும், அதுவரை கணக்கையும் எண்ணையும் உயிரோடு வையுங்கள். மாதம் ரீசார்ஜ் செய்ய வேண்டியிருந்தாலும் சரி.