பட்டாம்பூச்சிக் குழந்தைகளிடமிருந்து எதுவும் தொற்றாது

"உடம்பெல்லாம் கொப்புளம் உள்ள இந்தக் குழந்தையின் பக்கத்தில் உங்கள் பிள்ளையை உட்கார விடாதீர்கள், ஒட்டிக்கொள்ளும்" என்று ஒரு படம் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. தவறு. தொட்டாலும், சேர்ந்து சாப்பிட்டாலும் இது ஒட்டாது. எபிடெர்மோலைசிஸ் புல்லோசா என்ற மரபணுக் கோளாறு இது. தோலின் மேலடுக்கை அடியடுக்கோடு பிடித்து வைக்கும் புரதம் பிறவியிலேயே பழுது. லேசாக உரசினாலே தோல் கழன்றுவிடும். தோல் பட்டாம்பூச்சி இறகுபோல் மெல்லியது என்பதால்தான் இவர்களைப் பட்டாம்பூச்சிக் குழந்தைகள் என்கிறார்கள்.

பயப்பட வேண்டியது அந்தக் குழந்தைதான், நாம் இல்லை. தையல் உறுத்தும் என்பதால் சட்டையைப் புரட்டிப் போடுவார்கள். அக்குளில் கைகொடுத்துத் தூக்கக் கூடாது, அடியில் கைவைத்து ஏந்த வேண்டும். கொப்புளத்தைச் சுத்தமான ஊசியால் குத்தி நீரை வடிப்பார்கள், மேல்தோலை உரிக்காமல் விடுவார்கள். சாதாரண பிளாஸ்திரி ஒட்டவே கூடாது, எடுக்கும்போது தோலும் கூடவே வந்துவிடும். நோய் கடுமையாக உள்ள வீட்டில் கட்டு மாற்றவே மணிக்கணக்காகும்.

"மஞ்சளும் வேப்பிலையும் பூசினால் போய்விடும்" என்று அந்த வாட்ஸ்அப் படத்திலேயே ஒரு வைத்தியமும் உண்டு! பூசித் தேய்ப்பதே புண்ணாக்கும். முழுதாகக் குணமாக்கும் மருந்து இன்னும் இல்லை. ஆனால் ஒரு வகைக்கு, புண்மேல் இடும் மரபணு சிகிச்சைக் களிம்பை 2023இல் அமெரிக்கா அனுமதித்தது.

அப்புறம், அதே படத்தில் "அம்மா செய்த பாவம்" என்ற வரி. அதுவும் தவறு. சில வகைகளில் தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வந்தால்தான் நோய் வரும். சொந்தத்தில் கல்யாணம் செய்தால் அந்த வாய்ப்பு கூடும். சில வகைகளுக்கு ஒருவரிடமிருந்து வந்தாலே போதும், யாரிடமிருந்தும் வராமல் புதிதாகத் தோன்றுவதும் உண்டு.