பதினோரு நாள் போதாதும்மா

நேற்று ராத்திரி சித்தி மகள் போன் செய்தாள். அடுத்த மாதம் அவளுக்கு எடைக் குறைப்பு ஆபரேஷன். ஸ்லீவ் என்பார்கள், இரைப்பையை வெட்டிச் சின்னதாக்குவது. எந்த டாக்டர், எவ்வளவு செலவு, யார் கூட இருப்பது எல்லாம் பேசி முடித்துவிட்டு, போனை வைக்கப் போகிற நேரத்தில் கேட்டாள்: “அக்கா, வியாழக்கிழமை ஆபரேஷன், சனிக்கிழமை டிஸ்சார்ஜ். அதுக்கடுத்த வாரம் முழுக்க லீவ் சொல்லிட்டேன். திங்கக்கிழமைல இருந்து ஆபீஸ். பதினோரு நாள் போதும்ல?”

போதாதும்மா என்றேன். ஏன் என்று அரைமணி நேரம் சொன்னேன். சொல்லி முடித்தும் மனசு ஆறவில்லை. அவளைப் போல லீவை விரல் விட்டு எண்ணிக்கொண்டு இன்னும் எத்தனை பேர் இருப்பார்களோ என்று தோன்றியது. அதனால்தான் இங்கேயும் எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு ஆபரேஷன் நடந்து மூன்று வருஷம் ஆகிறது. அப்போது 41 வயது, 158 செ.மீ. உயரம், 118 கிலோ. பி.எம்.ஐ., அதாவது உயரத்துக்கு எடை எவ்வளவு என்கிற கணக்கு, 47. சர்க்கரை, பிபி இரண்டும் இருந்தன. தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும். வீட்டுக்காரர் பாதி ராத்திரியில் எழுந்து உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருப்பார். ஆபரேஷன் செய்துகொண்டதில் இன்றுவரை ஒரு துளி வருத்தம் கிடையாது. இப்போது 79 கிலோ, சர்க்கரைக்கு மாத்திரை இல்லை. வருத்தமெல்லாம், பத்தாவது நாள் பையை மாட்டிக்கொண்டு ஆபீஸுக்குக் கிளம்பினேனே, அதில்தான்.

கிண்டி எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் கணக்குப் பிரிவில் வேலை. ஏப்ரல் கடைசியில் ஆபரேஷன். மே முதல் வாரம் ஆடிட்டர்கள் வந்து உட்காரும் நேரம். நான் இல்லாமல் எப்படி என்று எனக்கே ஒரு நினைப்பு. “கீஹோல்தானே, சின்னத் துளை போட்டுத்தானே செய்றாங்க, ஒரு வாரத்துல நடமாடுவீங்க” என்று பார்க்கிறவர்கள் எல்லாம் சொன்னார்கள். நடமாடினேன் என்பது உண்மைதான். ஆபரேஷன் அன்று சாயங்காலமே பிடித்து நடக்க வைத்துவிட்டார்கள், காலில் ரத்தம் கட்டிவிடக் கூடாது என்று. மூன்றாம் நாள் நானே லிஃப்டில் இறங்கி வந்தேன். கண்ணாடியில் பார்த்தால் வயிற்றில் ஐந்து சின்னப் பிளாஸ்திரி. அவ்வளவுதான். அந்தப் பிளாஸ்திரியைப் பார்த்துத்தான் ஏமாந்தேன்.

ஸ்லீவில் இரைப்பையின் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுத்துவிடுகிறார்கள். மிச்சத்தை வாழைப்பழம் மாதிரி ஒரு குழாயாக விட்டு, நெடுக ஸ்டேப்பிள் போட்டு மூடுகிறார்கள். அந்த வரிசை ஏறக்குறைய ஒரு சாண் நீளம் இருக்கும். வயிற்றைக் கிழித்து ஒரு சாண் வெளியே தெரிந்திருந்தால் என்னை யாராவது பத்தாம் நாள் வேலைக்கு விட்டிருப்பார்களா? எங்கள் அம்மா வாசலில் குறுக்கே படுத்திருப்பார்.

வலியைக்கூட விடுங்கள், அது மாத்திரையில் அடங்கிவிடும். யாரும் எனக்கு விளங்கும்படி சொல்லாதது தண்ணீர் விஷயம். மருந்து அளக்கும் 30 மில்லி பிளாஸ்டிக் கப் ஒன்றைக் கையில் கொடுத்து அனுப்பினார்கள். தண்ணீர், இளநீர், தெளிந்த ரசம், நீர்மோர், பருப்புத் தண்ணீர், புரோட்டீன் பவுடர் கலக்கியது, எதுவானாலும் அந்தக் கப்பில்தான். அதையும் மடக்கென்று விழுங்கக் கூடாது. வாய் நனைகிற மாதிரி கொஞ்சம் கொஞ்சமாக. ஒரு நாளைக்கு ஒன்றரை லிட்டராவது உள்ளே போக வேண்டும். கணக்குப் பிரிவில் இருக்கிற நான் இந்தக் கணக்கை ஆபரேஷனுக்கு முன்னால் போட்டுப் பார்க்கவில்லை. ஒன்றரை லிட்டர் என்றால் 50 கப். ஒரு கப்புக்குப் பதினைந்து நிமிஷம் வைத்தால் பன்னிரண்டரை மணி நேரம். காலையில் கண் விழித்ததிலிருந்து ராத்திரி படுக்கிறவரைக்கும் அது ஒன்றுதான் வேலை. அதன் மேல் இன்னொரு எட்டு மணி நேர வேலையை எங்கே வைப்பது?

வைத்துப் பார்த்தேன். திருமங்கலத்தில் மெட்ரோ ஏறினேன். உட்கார இடமில்லை. கம்பியைப் பிடிக்கக் கையைத் தூக்கினால் இடது பக்கம் சுருக்கென்று இழுத்தது. ஈக்காட்டுத்தாங்கலில் இறங்கி வெளியே வந்தால் கத்திரி வெயில். ஆபீஸ் போய்ச் சேர்ந்து கப்பை எடுத்து மேஜையில் வைத்தேன், பத்து மணிக்கு மீட்டிங் கூப்பிட்டார்கள். பதினொன்றரைக்கு வெளியே வந்து எண்ணிப் பார்த்தால் காலையிலிருந்து நாலு கப்தான் உள்ளே போயிருந்தது. பதற்றத்தில் இரண்டு கப்பைச் சேர்த்து விழுங்கினேன். நெஞ்சுக்குழியில் கல்லை வைத்து அழுத்தின மாதிரி ஆகிவிட்டது. வாயில் வெள்ளை நுரையாகப் பொங்கியது. பாத்ரூமில் கதவைச் சாத்திக்கொண்டு சுவரில் தலையைச் சாய்த்து நின்றிருந்தேன். வெளியே யாரோ கதவைத் தட்டினார்கள்.

மூன்று நாள் இப்படியே ஓட்டினேன். சிறுநீர் கடுந்தேநீர் நிறத்தில் போனது. அது எச்சரிக்கை என்று தெரிந்தும், நாளைக்குச் சரிசெய்துகொள்ளலாம் என்றிருந்தேன். மூன்றாம் நாள் மத்தியானம் பீரோவிலிருந்து ஒரு ஃபைலை எடுக்க நாற்காலியை விட்டு எழுந்தேன். கண் இருட்டிக்கொண்டு வந்தது மட்டும் ஞாபகம் இருக்கிறது.

பக்கத்து சீட்டுப் பெண்தான் ஆட்டோவில் போட்டு அருகில் இருந்த ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். கேஷுவாலிட்டியில் டாக்டர் என்ன ஆபரேஷன் என்று கேட்டதற்கு, “பித்தப்பைக் கல்லு சார், பன்னிரண்டு நாள் ஆச்சு” என்று சொல்லியிருக்கிறாள். அவள் மேல் தப்பே இல்லை. ஆபீஸில் நான் அப்படித்தான் சொல்லி வைத்திருந்தேன். ஸ்ட்ரெச்சரில் படுத்துக்கொண்டு அரை மயக்கத்தில் அது என் காதில் விழுந்தது. இல்லை, இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. நர்ஸின் கையைப் பிடித்து இழுத்து, “ஸ்லீவ்” என்றேன். அவருக்கு முதலில் புரியவில்லை. இரண்டு மூன்று தடவை சொல்ல வேண்டியிருந்தது. புரிந்ததும் டாக்டரின் முகம் மாறியதை நான் பார்த்தேன். நாடித் துடிப்பு 120ஐத் தாண்டியிருந்தது. ஸ்லீவ் செய்தவர்களுக்கு முதல் சில வாரங்களில் நாடி அப்படி ஓடினால், ஸ்டேப்பிள் போட்ட இடத்தில் கசிவு இருக்கிறதா என்றுதான் முதலில் பார்ப்பார்கள். கசிந்தால் உயிருக்கே ஆபத்து. உடனே சி.டி. ஸ்கேன். என் நல்ல நேரம், கசிவு இல்லை. நீர்ச்சத்து வற்றியிருந்தது. போதாததற்கு, நான் விழுங்கிக்கொண்டிருந்த பழைய பிபி மாத்திரையில் நீர் பிரிய வைக்கிற மருந்தும் இருந்தது. அதைக் குறைப்பதற்காக டாக்டர் ஏழாம் நாள் வரச் சொல்லியிருந்தார். ஆடிட் வேலையை நினைத்து அந்த செக்கப்பைத் தள்ளிப் போட்டிருந்தேன்.

டிரிப்ஸ் ஏற்றி, ராத்திரி தங்க வைத்து அனுப்பினார்கள். அந்த ராத்திரி நான் நினைத்துக்கொண்டே இருந்தது ஒன்றைத்தான். நான் சுத்தமாக நினைவு தப்பியிருந்தால் அந்த டாக்டர் பித்தப்பை நோயாளி என்று நினைத்தே பார்த்திருப்பார்.

ஏன் பொய் சொன்னேன்? “வாயைக் கட்டத் தெரியாம வயித்தைக் கட் பண்ணிக்கிட்டா” என்று வேறு ஒருத்தரைப் பற்றி எங்கள் ஆபீஸ் சாப்பாட்டு அறையில் பேசியதை என் காதால் கேட்டிருக்கிறேன். குறுக்குவழி, பணத் திமிர், சோம்பேறித்தனம் என்று அந்தப் பேச்சு முடியவே இல்லை. குண்டாக இருந்தபோது இருபது வருஷம் பேசினார்கள். மெலிந்தாலும் பேசுவார்கள் என்று பயம். ஆனால் இது சோம்பேறித்தனம் இல்லை. வெட்டி எடுக்கிற இரைப்பைப் பகுதியில்தான் பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் பெரும்பாலும் சுரக்கிறது. பசியே உடம்புக்குள் வேறு மாதிரி வேலை செய்கிற ஒரு நோய்க்கான சிகிச்சை இது. இன்ஷூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையம் 2019இல் வகுத்த விதியில்கூட, பி.எம்.ஐ. 40 அல்லது அதற்கு மேல் இருந்தாலோ, 35 அல்லது அதற்கு மேல் இருந்து இதய நோய், கட்டுக்கு அடங்காத சர்க்கரை, கடுமையான தூக்க மூச்சுத்திணறல் போன்றவை சேர்ந்திருந்தாலோ, மற்ற வழிகள் பலிக்காமல் டாக்டர் பரிந்துரைத்தால் இதைச் செலவுக்கு ஏற்கலாம் என்று இருந்தது. ஹார்ட்டில் ஸ்டென்ட் வைத்தவரிடம் யாராவது “குறுக்குவழியில போயிட்டீங்களே” என்று கேட்கிறோமா?

எல்லாரிடமும் சொல்லித்தான் ஆக வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அது அவரவர் சொந்த விஷயம். மெடிக்கல் சர்டிபிகேட்டில் ‘வயிற்று அறுவை சிகிச்சை’ என்று மட்டும் எழுதித் தரச் சொல்லலாமா என்று உங்கள் டாக்டரிடம் கேளுங்கள். ஆனால் பக்கத்தில் உட்காருகிற ஒரே ஒருவருக்காவது உண்மை தெரிந்திருக்க வேண்டும். ஆபரேஷன் பெயர், தேதி, டாக்டர் போன் நம்பர் மூன்றையும் ஒரு சீட்டில் எழுதி அடையாள அட்டைக்குப் பின்னால் செருகி வையுங்கள். நான் அதற்கப்புறம் ஆறு மாதம் வைத்திருந்தேன்.

சரி, எத்தனை நாள்தான் லீவ் போடுவது? உட்கார்ந்து பார்க்கிற வேலை என்றால் ஒன்று, இரண்டு வாரத்தில் போகலாம் என்று பல டாக்டர்கள் சொல்கிறார்கள். அப்படிப் போய் ஒன்றும் ஆகாமல் இருந்தவர்களும் உண்டு. என்னைக் கேட்டால் குறைந்தது மூன்று வாரம், நாலாவது வாரம் அரை நாள். சென்னை வெயிலில் பஸ், மெட்ரோ மாறிப் போகிறவர்களுக்கு இதிலும் கறாராக இருப்பேன். இரண்டு வாரம் திரவம், அப்புறம் மசித்தது, அப்புறம் குழைந்தது என்று சாப்பாடு படிப்படியாக ஏறுகிற காலம் அது. நாலு ஸ்பூன் மசித்த பருப்பைச் சாப்பிட அரைமணி நேரம் ஆகும். சாப்பாட்டோடு தண்ணீர் குடிக்கக் கூடாது, அரைமணி இடைவெளி வேண்டும். ஆபீஸில் மொத்த லஞ்ச் நேரமே அரைமணிதான்.

டாக்டரிடம் கேள்வியையும் மாற்றிக் கேளுங்கள். “எப்ப வேலைக்குப் போகலாம்?” என்று கேட்டால் பொதுவான பதில்தான் வரும். என் வேலை இது, இத்தனை மணி நேரம் நிற்பேன், இவ்வளவு தூரம் இப்படிப் போவேன், இவ்வளவு எடை தூக்குவேன், பாத்ரூம் இரண்டு மாடி கீழே இருக்கிறது என்று சொல்லிக் கேளுங்கள். வேறு பதில் வரும்.

எங்கள் தெரு அக்கா ஒருவர் தி.நகரில் ஜவுளிக்கடையில் புடவைப் பிரிவில் இருக்கிறார். அவரும் இதே ஆபரேஷன் செய்துகொண்டவர். ஆறு வாரத்துக்கு ஐந்து கிலோவுக்கு மேல் தூக்கவே கூடாது என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். மூன்றாவது வாரமே போய்விட்டார், சம்பளம் போய்விடுமே என்று. புடவைக் கட்டுகளை மேல் ரேக்கிலிருந்து இறக்குவதும் ஏற்றுவதும்தான் வேலை. இரண்டு மாதம் கழித்துத் தொப்புள் பக்கத்தில் எலுமிச்சம்பழம் அளவுக்குப் புடைத்தது. குடலிறக்கம். இன்னொரு ஆபரேஷன். அவருக்கு இ.எஸ்.ஐ. என்கிற தொழிலாளர் அரசுக் காப்பீட்டுக்குச் சம்பளத்தில் பிடித்தம் போய்க்கொண்டுதான் இருந்தது. மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ளவர்களுக்கு, தேவையான நாட்கள் சந்தா கட்டியிருந்தால், நோய்க்கால உதவியாகச் சம்பளத்தில் 70 சதவீதம் வருஷத்துக்கு 91 நாள் வரை கிடைக்கும். அதை அவருக்குக் கடையில் யாருமே சொல்லவில்லை. இதை நினைத்தால் எனக்கு இன்றும் கோபம் வருகிறது. கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021இல் தமிழ்நாட்டில் சட்டத்தையே திருத்தினார்கள். அவர் கடையிலும் ஸ்டூல் வந்தது. அதில் உட்கார்ந்தால் சூப்பர்வைசர் வந்து பக்கத்தில் நிற்பாராம்.

இ.எஸ்.ஐ.க்குள் வராதவர்கள் தமிழ்நாடு கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைப் பாருங்கள். 1947இல் வந்தது. வருஷத்துக்கு 12 நாள் நோய் விடுப்பு, 12 நாள் தற்செயல் விடுப்பு, ஒரு வருஷம் முடித்தவர்களுக்கு இன்னும் 12 நாள் சம்பளத்தோடு விடுமுறை. இதைக் கையில் வைத்துக்கொண்டு, ஆபரேஷன் தேதி குறிக்கும் முன்னாலேயே எச்.ஆரிடம் பேசிவிடுங்கள். நான் தேதி குறித்த பிறகு, பயந்து பயந்து, பத்து நாள் கேட்டேன். அதிகம் கேட்டிருந்தால் கொடுத்திருப்பார்களா என்று இன்றைக்கும் தெரியாது, ஏனென்றால் கேட்கவே இல்லை.

இதைப் படிக்கிற மேலாளர்கள் யாராவது இருந்தால், உங்களிடமும் ஒன்று. அப்படி ஒருவர் திரும்பி வந்தால் ஒரு மாதத்துக்கு மீட்டிங்கை ஒரு மணி நேரத்துக்கு மேல் இழுக்காதீர்கள். கப்பும் கையுமாக உட்கார்ந்திருந்தால் கேள்வி கேட்காதீர்கள். பிறந்தநாள் கேக்கை “ஒரு வாய்தானே” என்று ஊட்ட வருகிறவர்களைத் தடுத்து நிறுத்துங்கள். நான் இரண்டாம் தடவை, ஐந்தாவது வாரம் போனபோது, அந்தப் பக்கத்து சீட்டுப் பெண்ணுக்கு எல்லாம் தெரியும். கால்மணிக்கு ஒரு தடவை தன் பேனாவால் என் மேஜையில் டொக் என்று ஒரு தட்டு தட்டுவாள். நான் கப்பை எடுப்பேன். ஆடிட்டர் எதிரில் உட்கார்ந்திருந்தாலும் தட்டுவாள்.

சித்தி மகள் இன்று காலையில் மெசேஜ் போட்டிருந்தாள். மத்தியானம் மேனேஜரிடம் நாலு வாரம் கேட்கப் போகிறாளாம், இரண்டு வாரம் லீவ், இரண்டு வாரம் வீட்டிலிருந்து வேலை. என்ன சொன்னாலும் ராத்திரி கூப்பிடு என்றிருக்கிறேன். என் பழைய 30 மில்லி கப்பை நேற்றே தேடி எடுத்துக் கழுவி வைத்துவிட்டேன்.