எலிமென்ட் 115 பறக்கும் தட்டுக்கு பெட்ரோலா? இல்லைங்க

"ரஷ்யாக்காரன் எலிமென்ட் 115-ஐ டப்பா டப்பாவா அடுக்கி வச்சிருக்கான், ஒரு கிராம் போட்டா வண்டி ஆகாயத்துல மிதக்கும்"னு ஒரு ஃபார்வர்ட் காலைலேர்ந்து மூணு குரூப்ல வந்துடுச்சு. தப்புங்க.

எலிமென்ட் நிஜம்தான், பேரு மாஸ்கோவியம் (115-ங்கறது அதோட கருவுல இருக்கற புரோட்டான் எண்ணிக்கை). 2003-ல ரஷ்யாவோட டுப்னா லேப்ல, அமெரிக்கா லிவர்மோர் லேப் ஆளுங்களும் சேர்ந்து, அமெரிசியம்-243 மேல கால்சியம்-48 அணுக்களை வாரக்கணக்குல மோதவிட்டாங்க, ரெண்டு கருவும் ஒட்டிக்கிட்டு புது எலிமென்ட்டா கெடச்சது மொத்தமே நாலு, கிராம் இல்லைங்க, நாலே நாலு அணு! அதையும் யாரும் கண்ணால பாக்கல. சிலிக்கான் டிடெக்டர்ல வந்து பதிஞ்ச அணு அஞ்சு தடவ ஆல்ஃபா துகளை (ரெண்டு புரோட்டான், ரெண்டு நியூட்ரான் சேர்ந்த துண்டு) கக்கி 113, 111, 109, 107-னு படி படியா எறங்கி 105-ல, அதாவது டப்னியத்துல வந்து நின்னு, கடைசில ரெண்டா ஒடஞ்சுது, அந்த வரிசைய வச்சுதான் மேல இருந்த தாத்தா 115-னு புடிச்சாங்க (பேரன வச்சு தாத்தாவ கண்டுபுடிக்கிற கதைதான்).

இதோட அரை ஆயுள், அதாவது இருக்கற அணுக்கள்ல பாதி சிதைஞ்சுபோற நேரம், ஒரு செகண்டுக்கும் கம்மி, அப்புறம் எங்க டப்பால அடைக்கிறது? ஐயூபேக் (எலிமென்ட் பேர முடிவு பண்ற உலக வேதியியல் அமைப்பு) வெப்சைட்ல 2016-ல பேரு வச்ச அறிவிப்பே இருக்கு, போய் பாத்துக்கலாம். அந்த மெசேஜ இனிமே யாருக்கும் தள்ளிவிடாதீங்க ப்ளீஸ்.