ஃப்ரெடி வாஷிங்டன் தன் இனத்தை மறைக்கவில்லை

அமெரிக்கக் கறுப்பின நடிகை ஃப்ரெடி வாஷிங்டன் நிஜ வாழ்க்கையிலும் வெள்ளைக்காரராக வேடமிட்டு வாழ்ந்தார் என்று சிலர் எழுதுகிறார்கள். அது அவருடைய வாழ்க்கை அல்ல, அவர் நடித்த பாத்திரம். 1934-இல் வந்த 'இமிட்டேஷன் ஆஃப் லைஃப்' படத்தில், கறுப்பினத் தாயை விட்டு விலகி வெள்ளைக்காரியாக வாழத் துடிக்கும் பியோலாவாக அவர் நடித்தார். வெளிர் நிறமும் பச்சைக் கண்களும் இருந்ததால் குழப்பம் வருவது இயல்புதான்.

ஆனால் நிஜத்தில் நேர்மாறு. தான் கறுப்பினப் பெண் என்பதை வெளிப்படையாகச் சொல்லிக்கொண்டே இருந்தார். அதனால் கிடைத்த வாய்ப்புகள் மிகக் குறைவு. எனக்கு மனம் கனப்பது அங்கேதான். 1937-இல் கறுப்பின நடிகர்களுக்கான சங்கம் தொடங்கியவர்களில் அவரும் ஒருவர். அப்புறம் நியூயார்க்கில் கறுப்பின மக்கள் அதிகம் வாழ்ந்த ஹார்லெம் பகுதியின் 'பீப்பிள்ஸ் வாய்ஸ்' பத்திரிகையில் இனப் பாகுபாட்டை எதிர்த்து எழுதினார்.

சரிபார்க்க விரும்பினால், 1994 ஜூனில் அவர் மறைந்தபோது நியூயார்க் டைம்ஸ் வெளியிட்ட இரங்கல் செய்தியைத் தேடிப் படியுங்கள். அவருடைய கடிதங்களும் ஆவணங்களும் நியூ ஆர்லியன்ஸில் உள்ள அமிஸ்டாட் ஆய்வு மையத்தில் இருக்கின்றன.