ஒரு கண்ணில் மட்டும் நீர் வடிந்தால்

கண்ணில் நீர் வடிவதற்குப் பெரும்பாலும் ஒவ்வாமையும் கண் உலர்வும்தான் காரணம் என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. சரி, உலர்ந்த கண் உறுத்தும்போது கண்ணீர் கூடுதலாகச் சுரக்கும். ஆனால் கண்ணீர் வடிந்து இறங்கும் குழாயில் வரும் அடைப்பை அது ஒரே வரியில் முடித்திருக்க வேண்டாம்.

இமைகளின் உள்ளோரத்தில் மேலும் கீழும் ஒரு சிறு துளை உண்டு. கண்ணீர் அதன் வழியே கண்ணீர்ப் பைக்குப் போய் மூக்குக்குள் இறங்குகிறது (அழுதால் மூக்கும் ஒழுகுவது இதனால்தான்). அந்தக் குழாய் அடைத்தால் அரிப்பு பெரிதாக இல்லாமலே, பல சமயம் ஒரு கண்ணில் மட்டும், நீர் வடியும். நடுவயது தாண்டிய பெண்களுக்கு இது அதிகம். மூக்கோரம் அழுத்தும்போது சீழ் வந்தால் பையில் தொற்று இருக்கிறது.

என் அம்மாவுக்கு மருந்துக்கடை சொட்டு மருந்து எதுவும் கேட்கவில்லை. கண் மருத்துவர் அந்தத் துளையில் உப்புநீரைச் செலுத்திப் பார்த்தார். தொண்டையில் கரித்தால் வழி திறந்திருக்கிறது. அம்மாவுக்கு அப்படியே வெளியே திரும்பி வந்தது. அப்புறம் கண்ணீர்ப் பையிலிருந்து மூக்குக்குப் புது வழி அமைக்கும் டிசிஆர் அறுவை சிகிச்சைதான். கண்புரை ஆபரேஷனுக்கு முன்பும் இங்கே இந்தச் சோதனை செய்வார்கள், பையிலுள்ள கிருமி கண்ணுக்குள் போய்விடக் கூடாதே!

பச்சிளம் குழந்தைகளுக்கு இதே அடைப்பு பெரும்பாலும் ஒரு வயதுக்குள் தானாகத் திறந்துவிடும். மருத்துவர் காட்டித் தரும் மசாஜ் போதும், கண்ணுக்குள் தாய்ப்பாலை ஊற்ற வேண்டாம். ஆனால் குழந்தை வெளிச்சத்தைப் பார்த்தாலே கண்ணை மூடிக்கொண்டால், கருவிழி பெரிதாகவோ மங்கலாகவோ தெரிந்தால், அது பிறவிக் கண் அழுத்த நோயாக இருக்கலாம். அன்றே காட்டுங்கள்.