ஹிமெஜிக்குப் பத்தரை மணி ரயில் பிடிக்காதீர்கள்!

ஜப்பானில் ஒசாகாவில் தங்கியிருக்கும் நண்பர்கள் ஆறு பேர் சேர்ந்து, ஒரே நாளில் ஹிமெஜி கோட்டையையும் ஷோஷா மலை எங்யோஜி கோயிலையும் பார்க்கலாம் என்று முடிவு செய்வது அருமையான திட்டம். அதைக் காலையிலேயே கெடுத்துவிட்டு வந்து நிற்கும் கூட்டங்களைப் பார்த்தால் வயிறு எரிகிறது.

கோட்டை காலை 9 மணிக்குத் திறந்து மாலை 5 மணிக்கு மூடும். "அப்போ அஞ்சு வரைக்கும் டைம் இருக்குடா" என்று எல்லாக் குழுவிலும் ஒருவர் சொல்கிறார். இல்லை! வழக்கமான நாட்களில் 4 மணிக்கே நுழைவு முடிந்துவிடும். வெளியே உள்ள சன்னோமாரு புல்வெளிக்குக் காசு கிடையாது. அதன்பிறகுதான் சீட்டு வாங்கும் இடம். 4 மணி தாண்டிவிட்டால், 1609-ல் கட்டி முடித்த கோட்டையின் அசல் மரக் கோபுரம் கண்ணெதிரே நிற்கும், உள்ளே போக முடியாது. கடல் தாண்டி வந்து புல்வெளியில் போட்டோ எடுத்துக்கொண்டு திரும்புவதா?

கணக்கு போடுங்கள். ஒசாகாவிலிருந்து சில ஸ்டேஷன்களில் மட்டும் நிற்கும் 'ஷின்கைசோகு' விரைவு ரயிலில் ஒரு மணி நேரம். அவசரத்தில் எதிரே நிற்கும் சாதா ரயிலில் ஏறிவிட்டால் எல்லா ஸ்டேஷனிலும் நின்று நின்றுதான் போகும். பகலில் கால் மணிக்கு ஒரு ஷின்கைசோகு வரும், பலகையைப் பார்த்து ஏறுங்கள். ஹிமெஜி ஸ்டேஷனிலிருந்து கோட்டைக்கு நேர் ரோடு, நடை 15-20 நிமிடம். உள்ளே கோட்டையின் மேற்குப் பகுதியான நிஷினோமாருவின் நீண்ட நடைக்கூடத்தையும் சேர்த்தால் இரண்டு மணி நேரத்துக்குக் குறையாது. கோயிலுக்கு மறுபடி ஸ்டேஷன் பக்கம் வந்து 8-ஆம் எண் பஸ்ஸில் அரை மணி நேரம், பிறகு கால் மணிக்கு ஒன்றாகக் கிளம்பும் ரோப்வே. அது இறக்கிவிடும் இடம் கோயில் வாசல் அல்ல. மணி-தென் மண்டபத்துக்கு அங்கிருந்து இன்னும் இருபது நிமிடம் ஏற்றம், மூன்று பெரிய மண்டபங்கள் அதற்கும் அப்பால். பத்தரைக்குக் கிளம்பி, வழியில் ஒரு மணி நேரம் சாப்பாட்டுக்கும் உட்கார்ந்தால், மலை மேலே சேரும்போது கதவுகளை ஒவ்வொன்றாகச் சாத்திக்கொண்டிருப்பார்கள்.

அடுத்தது செருப்பு விஷயம். இதைச் சொல்லாமல் விட முடியவில்லை. கோபுரத்துக்குள் செருப்பு, ஷூ எதுவும் கூடாது. கழற்றி, கொடுக்கிற பிளாஸ்டிக் பையில் போட்டு, கையிலேயே தூக்கிக்கொண்டு ஏற வேண்டும். இது தெரிந்தும் கணுக்கால் வரை லேஸ் கட்டிய பூட்ஸோடு வருகிறார்கள். ஆறு பேரில் இருவர் வாசலில் குனிந்து லேஸ் அவிழ்க்க, பின்னால் வரிசையே நிற்கிறது. மாடிப்படி ஏணி மாதிரி செங்குத்து. நானூறு வருஷம் கால்பட்டு வழவழத்த மரத்தில் காலுறை வழுக்கும். ஒரு கையில் ஷூ பை, மறு கை கைப்பிடியில். போனுக்கு எந்தக் கை? முதுகுப் பையை மார்புப் பக்கம் மாட்டவில்லை என்றால், திரும்பும்போதெல்லாம் கீழ்ப்படியில் வருபவர் முகத்தில் இடிக்கும். பெரிய பைகளை ஸ்டேஷன் லாக்கரில் வைத்துவிட்டு வாருங்கள். அடியிலிருந்து மேல்வரை ஓடும், 25 மீட்டரை நெருங்கும் அந்த இரண்டு பெருந்தூண்களை நின்று பார்க்கக்கூட முடியாமல் ஒருவரையொருவர் தள்ளிக்கொண்டு போவதற்கா 2,500 யென்? ஆமாம், 2026 மார்ச் முதல் உள்ளூர்க்காரர் அல்லாத பெரியவர்களுக்கு அதுதான் கட்டணம்.

கோயிலில் இன்னொரு கொடுமை, சில்லறை. எங்யோஜி 966-ல் தோன்றிய மலைக்கோயில். கார்டைத் தட்டிவிட்டுப் போகலாம் என்று வெறும் பர்ஸோடு ஏறாதீர்கள். நுழைவு 500 யென். கோயிலுக்கு வந்த அடையாளமாக நம் புத்தகத்தில் போட்டுத்தரும் 'கோஷுயின்' முத்திரைக்குத் தனியாகப் பணம், அதையும் ரொக்கமாகத்தான் தர வேண்டும். ஒவ்வொரு புத்தகத்திலும் தூரிகையால் கையால் எழுதுகிறார்கள், ஓரிரண்டு நிமிடம் ஆகும். ஆறு பேரும் நீட்டினால் கால் மணி நேரம் போய்விடும். போனதும் முதல் வேலையாகப் புத்தகத்தைக் கொடுத்துவிடுங்கள். பத்தாயிரம் யென் நோட்டை நீட்டி அவர்களைத் தவிக்க விடாதீர்கள்.

சரியான வரிசை இதுதான். ஒசாகாவில் 7:30-க்கு ரயில் ஏறுங்கள். 9 மணிக்குக் கோட்டை வாசலில் நில்லுங்கள். முதலில் கோபுரம், பிறகு நிஷினோமாரு. 11:30-க்கு வெளியே வந்து, ஸ்டேஷனில் பஸ்ஸும் ரோப்வேயும் சேர்ந்த சீட்டு வாங்கி, சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு பஸ் ஏறுங்கள். ஒரு மணிக்கு முன்னால் மலை மேலே இருப்பீர்கள். தூங்குமூஞ்சி நண்பர் எழவில்லை என்றால் அவர் அடுத்த ரயிலில் வந்து சேரட்டும், ஒருவருக்காக மற்ற ஐந்து பேரும் ஹோட்டல் வாசலில் காத்துக்கிடக்காதீர்கள்.